வாங்காமல் விட்டால் தைக்கிறவருக்கு விடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் தொழிலில், ஆர்டர் வந்தது முதல் சரக்கு ஏறும்வரை கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருந்தவன் என்பதால், "அந்த பிராண்டை வாங்காதீர்கள்" என்று எங்காவது குரல் கிளம்பினால் என்னிடம் விளக்கம் கேட்பார்கள். கோவையில் படிக்கும் பிள்ளைகள், ஜெர்மனியில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள், பெரிய கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர்கள், பவர் டேபிளில் உட்கார்ந்து தைப்பவர்கள் என்று கேட்பவர்கள் பல வகை. சந்தேகங்கள் மட்டும் திரும்பத் திரும்ப அதேதான். அவரவர் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

புறக்கணிப்புன்னா வாங்காம இருக்கிறதுதானே? இதுல கேட்க என்ன இருக்கு?

வாங்காமல் இருப்பது பாதி வேலைதான். ஏன் வாங்கவில்லை, என்ன செய்தால் மறுபடி வாங்குவோம் என்பது விற்பவருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர் கணக்கில் அது "இந்த சீசன் கொஞ்சம் மந்தம்", அவ்வளவே. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில், மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தது நினைவிருக்கும். கடைக்காரர்கள் சேர்ந்து, தேதி போட்டு, காரணம் சொல்லி அறிவித்ததால் அது செய்தியானது. ஆளாளுக்குத் தனியாகக் கலர் குடிப்பதை நிறுத்தியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஏனுங்க, நாமளே தைக்கிற ஊரு. வெளிநாட்டு ஃபேக்டரி பத்தி நாம எதுக்குப் பேசணும்?

லண்டனில் இருப்பவருக்கு வெளிநாட்டு ஃபேக்டரி என்றால் நாம்தான். திருப்பூரிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதியாகிறது. கரூர் திரைச்சீலையும் மேஜை விரிப்பும் தனி. அங்கே கடையில் ஒருவர் எடுத்த துணியைத் திரும்ப வைத்தால் அதன் விளைவு அவிநாசி ரோட்டுக்கு வந்து சேரும்.

அதே நேரத்தில் நாமும் வாங்குகிறவர்கள். கோவை மால்களில் பெரிய பிராண்டு சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பாருங்கள், பங்களாதேஷ் என்றோ வியட்நாம் என்றோ இருக்கும். இரண்டு பக்கமும் நிற்கிற ஊர் என்பதால்தான் இந்தப் பேச்சு நமக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே புரிய வேண்டும்.

நான் ஒரு டி-சர்ட் வாங்கலைன்னா, அது தைக்கிற அக்காவுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

முதலில் கெடுதலாகத்தான் போய்ச் சேரும். விற்பனை குறைந்தால் பிராண்டு அடுத்த சீசன் ஆர்டரைக் குறைக்கும். பிராண்டுக்காக இங்கே ஆர்டர் கொடுக்கும் பையிங் ஆபீஸ் அதை எக்ஸ்போர்ட்டரிடம் சொல்லும். எக்ஸ்போர்ட்டர் சொந்த மெஷின் நிற்கக்கூடாது என்று வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க்கை நிறுத்துவார். ஜாப் ஒர்க் யூனிட்காரர், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட் ஆட்களிடம் "அடுத்த வாரம் வந்து பாருங்க" என்பார். கம்பெனிக்குள் இருப்பவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும். பிராண்டின் தலைமை அலுவலகத்தில் மீட்டிங் போடுவதற்குள் இங்கே சனிக்கிழமைச் சம்பளக் கவர் மெலிந்திருக்கும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இதைக் கண்ணால் பார்த்தோம். அது புறக்கணிப்பு இல்லை. ஆனால் ஆர்டர் நின்றால் அடி எந்த வரிசையில் விழும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். முதலில் போனது ஓவர்டைம், அப்புறம் ஜாப் ஒர்க்.

சரி, அப்படியென்றால் நல்லது எந்த வழியில் வரும்? பெயர் கெட்டுவிடுமோ என்ற பயத்தின் வழியாக. விற்பனை உண்மையாகவே சரிவதற்கு முன்பே, சரியுமோ என்ற பயத்தில் பிராண்டு ஃபேக்டரி நிலைமையைத் திருத்த இறங்கினால் தொழிலாளிக்கு லாபம். திருத்துவதற்குப் பதிலாக ஆர்டரைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு ஓடினால் நஷ்டம். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த இரண்டில் எது நடந்தது என்பதைப் பற்றியவைதான்.

அப்போ புறக்கணிப்பால எங்கயுமே நல்லது நடந்ததில்லையா?

நடந்திருக்கிறது. 1990களில் நைக்கி நிறுவனத்தின் இந்தோனேசியக் காலணி ஆலைகளைப் பற்றிப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. 1998 மே மாதம் அதன் தலைவர் ஃபில் நைட், தன் நிறுவனத்தின் பெயரே அடிமைக் கூலிக்கும் கட்டாய ஓவர்டைமுக்கும் மறுபெயராகிவிட்டது என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். ஆன் ஹாரிசன், ஜேசன் ஸ்கோர்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, எதிர்ப்புக்கு இலக்கான ஆலைகளில் கூலி மற்ற ஆலைகளைவிடக் கூடுதலாக உயர்ந்தது என்று கண்டது. வேலை எண்ணிக்கை சொல்லும்படி குறையவில்லை. ஆனால் லாபம் குறைந்தது, சிறிய ஆலைகள் மூடும் வாய்ப்பு கூடியது. அந்தக் கடைசி வரியை நம்ம ஜாப் ஒர்க் நண்பர்கள் இரண்டு முறை படிப்பது நல்லது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஹோண்டுராஸ். அங்கே அமெரிக்க ஆடை நிறுவனமான ரஸலின் ஆலையில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2009 ஜனவரியில் ஆலை மூடப்பட்டது. கல்லூரி முத்திரை போட்ட டி-சர்ட்டுகளும் ரஸலின் வியாபாரம். வேலை இழந்தவர்களே அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போய்ப் பேசினார்கள். மாணவர்கள் நிர்வாகத்தை நெருக்க, நூறை ஒட்டிய பல்கலைக்கழகங்கள் ரஸலுடனான உரிம ஒப்பந்தத்தை முறித்தன. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் இறங்கிவந்தது: புது ஆலை திறப்பது, சுமார் 1,200 பேரைத் திரும்ப எடுப்பது, சங்கத்தை ஏற்பது.

இதில் கவனிக்க வேண்டியது, நெருக்கச் சொன்னது தொழிலாளர்களே. கோரிக்கையும் "ஆலையைத் திற, எங்களை எடு" என்று ஒரே வரியில் சொல்லக்கூடியதாக இருந்தது. இன்னொன்று, முடிவெடுத்தது ஆயிரக்கணக்கான தனி ஆட்கள் இல்லை, நூறை ஒட்டிய பல்கலைக்கழக அலுவலகங்கள்.

குழந்தைத் தொழிலாளர் இருந்தாலாவது உடனே நிறுத்தணுமில்ல?

மனசு அப்படித்தான் சொல்லும். குழந்தைகள் செய்த பொருட்களின் இறக்குமதியைத் தடுக்க 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பங்களாதேஷ் ஆலைகள் சுமார் 50,000 குழந்தைகளை வேலையைவிட்டு அனுப்பின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைப்பு போன்ற இன்னும் மோசமான வேலைகளுக்கும், சிலர் பாலியல் தொழிலுக்கும் போனதாக யுனிசெஃப் பதிவு செய்தது. பிறகுதான், 1995இல், ஆலை முதலாளிகள் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் சேர்ந்து பள்ளியும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்தன. பள்ளியை முதலில் கட்டிவிட்டுக் குழந்தையை வெளியே எடுத்திருக்கலாம்.

பாகிஸ்தானின் சியால்கோட்டில் கால்பந்து தைப்பதிலும் இதே கதை. 1997 ஒப்பந்தப்படி, வீட்டில் நடந்த தையல் தனி மையங்களுக்கு மாறியது. வீட்டைவிட்டு வர முடியாத பெண்களுக்கு வருமானம் போனது. 2006இல் நைக்கி அங்கிருந்த பெரிய சப்ளையரை ஒரேயடியாக விட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

ராணா பிளாசால அத்தனை பேர் செத்த பிறகும் பங்களாதேஷ் துணி வாங்கினது சரியா?

வாங்கியதுதான் சரி என்பது என் கருத்து. கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவரில் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே தூண்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. மேலே இருந்த தையல் ஆலைகள் ஆட்களை உள்ளே ஏற்றின. ஷிப்மென்ட் தேதி என்பது என்ன என்று தெரிந்த நம் ஊர்க்காரர் யாருக்கும் அது ஏன் நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய மாதமே, வேறொரு ஆலைத் தீவிபத்தைப் பார்த்து, டிஸ்னி பங்களாதேஷைவிட்டு விலக முடிவெடுத்திருந்தது. விலகியவர்களால் அங்கே ஒரு தீயணைப்புக் கதவுகூட மாறவில்லை. மாற்றியது இருந்தவர்கள். மே மாதத்தில் தொழிற்சங்கங்களுக்கும் பிராண்டுகளுக்கும் இடையே கையெழுத்தான 'அக்கார்டு' சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். படிப்படியாக 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. தனி இன்ஜினியர்கள் ஆலை ஆலையாகச் சோதித்தார்கள், அறிக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியானது. பழுது பார்க்க மூடினால் தொழிலாளிக்குச் சம்பளம் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் பங்களாதேஷ் ஆர்டரைத் தொடர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 2023இல் இதே ஏற்பாடு பாகிஸ்தானுக்கும் போனது.

பிராண்டுகள் கையெழுத்திட்டது நல்ல மனசால் இல்லை. கடை வாசலில் கூட்டம் நின்றதால். நஷ்டஈட்டு நிதியிலும் அப்படியே: இத்தாலிய பிராண்டான பெனட்டன் 2015இல், இணையத்தில் பத்து லட்சம் பேர் கையெழுத்திட்ட பிறகுதான் பணம் கொடுத்தது. பயம் காட்டியது வாங்குகிறவர்கள், என்ன வேண்டும் என்று எழுதிக்கொடுத்தது சங்கங்கள். கட்டடம் மாறியதே தவிர கூலிக்கு அக்கார்டில் இடமில்லை. 2013 கடைசியில் குறைந்தபட்சக் கூலி 3,000 டாக்காவிலிருந்து 5,300 ஆனதற்குத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியதே பெரிய காரணம்.

நம்ம பக்கத்துல இப்படி ஏதாவது நடந்திருக்கா?

நடந்திருக்கிறது, பேசத்தான் மாட்டோம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' ஓடியது எல்லோருக்கும் தெரியும். கிராமத்துப் பெண் பிள்ளை மில் ஹாஸ்டலில் தங்கி மூன்று வருடம் வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதோ ஐம்பதோ ஆயிரம். இடையில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனால் பணம் போச்சு. வெளியே போக வார்டன் கூட வர வேண்டும். 2011இல் நெதர்லாந்து அமைப்புகளின் அறிக்கை வந்ததும் ஐரோப்பியப் பிராண்டுகள் பதறின. சொந்த ஸ்பின்னிங் மில் வைத்திருந்த எக்ஸ்போர்ட்டர்கள் மாட்டிக்கொண்டார்கள், அங்கே சில மாற்றங்களும் வந்தன. ஆனால் நூலை மட்டும் நூற்றுப் புரோக்கர் வழியாக விற்கும் மில்லை எந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் புறக்கணிப்பார்? அந்த நூல் எந்த பனியனில் இருக்கிறது என்று நிட்டிங்காரருக்கே சொல்ல முடியாது.

இன்னொன்று அண்மையது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார், அவருடைய சூப்பர்வைசரே கைதானார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் அதை விடாமல் பிடித்தது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சங்கமும் ஆலை நிறுவனமும் எச் அண்ட் எம் பிராண்டும் கையெழுத்திட்டன, கேப், பி.வி.எச். பிராண்டுகள் பிறகு சேர்ந்தன. பாலியல் தொல்லைப் புகார்களைக் கையாள ஆலைக்குள்ளேயே பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்கள், வெளியார் விசாரணை, நிறுவனம் மீறினால் வியாபாரத்தில் கை வைப்பது என்று விதிகள். அதன்பின் ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்குக்குத் தடை போட்டது, செப்டம்பரில் விலக்கியது. தடையை விலக்கக் கேட்டவர்களில் சங்கத்தின் குரலும் இருந்தது. தடை நீடித்தால் தங்கள் ஆட்களுக்கே வேலை போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆடிட் சர்டிபிகேட் இருக்கிற கம்பெனின்னா நம்பி வாங்கலாமில்ல?

ஆடிட் நாளன்று கம்பெனிக்குள் இருந்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். முந்தைய இரவு தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிக்கப்படும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும் நிரம்பும். வழியை அடைத்திருந்த அட்டைப்பெட்டிகள் மாடிக்கு ஏறும். கான்ட்ராக்டர் ஆட்களுக்கு அன்றைக்கு லீவு. ஓவர்டைம் இல்லாத ரிஜிஸ்டர் மேஜைக்கு வரும், இருக்கிற ரிஜிஸ்டர் பீரோவுக்குள் போகும். எல்லாக் கம்பெனியும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் இப்படி நடக்க முடியும் என்பதே போதும்.

கராச்சியில் 2012 செப்டம்பரில் எரிந்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்த ஆலைக்கு, சில வாரங்களுக்கு முன்புதான் தொழிலாளர் நிலைமை சரி என்று சொல்லும் எஸ்.ஏ. 8000 சர்டிபிகேட் கிடைத்திருந்தது. ஆலையே காசு கொடுத்து வாங்கும் சான்றிதழுக்கும், மேலே சொன்ன அக்கார்டின் பகிரங்க அறிக்கைக்கும் உள்ள தூரம் இதுதான்.

பையர் விலையைக் குறைச்சுக்கிட்டே வர்றான், கூலியைக் கூட்டுன்னும் சொல்றான். நான் எங்கீங்க போவேன்?

இது யூனிட் வைத்திருக்கும் ஒருவர் கேட்டது. நியாயமான எரிச்சல். 2020 கொரோனா முடக்கத்தில் முடித்துவைத்த சரக்கையே பல பிராண்டுகள் எடுக்க மறுத்தன. பங்களாதேஷில் மட்டும் ரத்தானதும் தள்ளிவைக்கப்பட்டதுமாகச் சுமார் 300 கோடி டாலர் ஆர்டர். அப்போது இணையத்தில் கிளம்பிய எதிர்ப்பு "வாங்காதே" என்று சொல்லவில்லை, "செய்த வேலைக்குப் பணத்தைக் கொடு" என்றது. பல பெரிய பிராண்டுகள் கொடுக்க ஒத்துக்கொண்டன. முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான சந்தர்ப்பம் அது.

அதனால் வெளிநாட்டில் யாராவது உதவி செய்ய விரும்பினால், ஃபேக்டரியில் என்ன தப்பு என்று கேட்பதோடு, பீஸுக்கு என்ன விலை கொடுத்தீர்கள், ஆர்டரிலிருந்து ஷிப்மென்ட் வரை எத்தனை நாள் லீட் டைம் கொடுத்தீர்கள் என்று பிராண்டையும் கேட்கட்டும். கடைசி நேரத்தில் கலர் மாற்றிவிட்டு அதே தேதியில் ஷிப்மென்ட் கேட்பவர்தான் பாதி நைட் ஷிப்டுக்குக் காரணம். மீதிப் பாதிக்கு நாம் காரணம் என்பதையும் அந்த நண்பரிடம் சொன்னேன், டீ ஆறிப்போனது.

இதெல்லாம் நம்ம எக்ஸ்போர்ட்டைக் கெடுக்கிற வெள்ளைக்காரன் சூழ்ச்சிங்க, இல்லையா?

சில நேரம் அப்படியும் இருக்கும். தங்கள் ஊர் ஆலையைக் காக்க நினைப்பவர்கள் நம் தொழிலாளி மீது திடீர்ப் பாசம் காட்டுவது புதிதில்லை. பிரித்துப் பார்க்க நான் கேட்பது இவ்வளவுதான்: அங்கே வேலை செய்பவர்கள் இதைக் கேட்டார்களா? கோரிக்கை நிறைவேறினால் புறக்கணிப்பு முடியுமா? ஹோண்டுராஸ் இரண்டிலும் தேறும். ஹார்கின் மசோதா முதல் கேள்வியிலேயே விழும்.

காந்தி காலத்துல நாமளே அந்நியத் துணியைப் புறக்கணிச்சோமே?

செய்தோம். கொடிகாத்த குமரன் உயிர்விட்ட ஊரில் இருந்துகொண்டு அதை மறக்க முடியாது. ஆனால் அதன் நோக்கம், அந்தத் துணியை நெய்த இங்கிலாந்தின் லங்காஷயர் மில் தொழிலாளியின் நிலையை உயர்த்துவது இல்லை. அவருக்கு வேலை போயிற்று. 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயரின் டார்வனுக்கே போய் அவர்களைச் சந்தித்தார். அவர்கள் அவரை ஆரவாரத்தோடு வரவேற்ற படங்கள் இருக்கின்றன. அவர்களுடைய கஷ்டத்துக்கு வருந்தினார், ஆனாலும் புறக்கணிப்பைக் கைவிடவில்லை. ஒரு நாட்டின் விடுதலைக்கான ஆயுதத்தை ஃபேக்டரி சீர்திருத்தத்துக்கான ஆயுதத்தோடு குழப்ப வேண்டாம்.

அரசாங்கமே கட்டாய வேலை வாங்கினா? சங்கமே வைக்க முடியாத இடத்துல யார் கேட்பாங்க?

இதுதான் கஷ்டமான கேள்வி. உஸ்பெகிஸ்தானில் ஆசிரியர், டாக்டர், மாணவர் என்று பாராமல் அரசே பருத்தி பறிக்க அனுப்பியது. 300க்கும் மேற்பட்ட பிராண்டுகள் அந்தப் பருத்தியைத் தொட மாட்டோம் என்று உறுதி எடுத்தன. 2016இல் ஆட்சி மாறியது, ஐ.எல்.ஓ. கண்காணித்தது, உள்ளூர் மனித உரிமைக்காரர்கள் அடிபட்டும் தகவல் அனுப்பினார்கள். 2021 அறுவடையில் அரசு திணித்த கட்டாய வேலை இல்லை என்று தெரிந்ததும் 2022 மார்ச்சில் புறக்கணிப்பு முடிந்தது. இங்கே "வேலை போய்விடும்" என்ற வாதம் எடுபடாது, ஏனென்றால் அது விரும்பி வந்த வேலையே இல்லை.

சீனாவின் ஷின்ஜியாங்கில் உள்ளிருந்து தகவல் அனுப்பவே வழியில்லை. 2022 ஜூன் முதல் அமலில் உள்ள அமெரிக்கச் சட்டம், அந்தப் பகுதிச் சரக்கு எதுவுமே கட்டாய உழைப்பில் வந்தது என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை இறக்குமதியாளர் தலையில் வைக்கிறது. நம் எக்ஸ்போர்ட்டர்களிடம் பருத்தி எங்கிருந்து வந்தது என்று காகிதம் கேட்கிறார்களே, அது இதனால்தான். எதிர்த்திசையிலும் அடி விழுந்தது: ஷின்ஜியாங் பருத்தி வேண்டாம் என்ற எச் அண்ட் எம்மை 2021 மார்ச்சில் சீன வாடிக்கையாளர்கள் புறக்கணித்தார்கள்.

விலை அதிகமான பிராண்டு வாங்கினா தைக்கிறவங்களுக்கு அதிகம் கிடைக்குமா?

கிடைக்காது. ஒரே லைனில் காலையில் மலிவுக் கடைப் பீஸும் மாலையில் விலை உயர்ந்த பிராண்டுப் பீஸும் ஓடும். டைலரின் ஷிப்ட் சம்பளம் லேபிளைப் பார்த்து மாறாது.

என் பையன் ஜெர்மனியில இருக்கான். அவன் என்னதான் செய்யணும்?

ஒரு பிராண்டைப் பற்றிப் புகார் வந்தால், அங்குள்ள தொழிலாளர் சங்கம் என்ன கேட்கிறது என்று முதலில் பார்க்கட்டும். "வாங்காதீர்கள்" என்று அவர்களே சொன்னால் வாங்க வேண்டாம். சொல்லாவிட்டால் வாங்கிக்கொண்டே கடிதம் எழுதட்டும். ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் சப்ளை செயின் சட்டம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர் ஆலைகளின் நிலைமைக்குக் கவனம் எடுத்தாக வேண்டும், இங்கிருந்தே அங்கே புகார் கொடுக்கவும் வழி உண்டு.

சட்டமும் ஸ்ட்ரைக்கும் செய்யாததைப் புறக்கணிப்பு செஞ்சிடுமா?

செய்யாது. 1984இல் திருப்பூரில் பஞ்சப்படிக்காக 127 நாள் ஸ்ட்ரைக் நடந்தது. எந்த வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் அது தெரியாது. நொய்யலில் சாயத் தண்ணீர் விட்டதை 2011 ஜனவரியில் நிறுத்தியது, விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு. எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடின. புறக்கணிப்பு என்பது உள்ளூரில் ஏற்கெனவே நடக்கிற போராட்டத்துக்கு வெளியிலிருந்து கிடைக்கும் ஒரு தள்ளு. உள்ளே யாரும் தள்ளாத வண்டி அதனால் நகராது.

காதர்பேட்டையில வாங்குற லோக்கல் சரக்குக்கு இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. திருப்பூர் காதர்பேட்டையிலும் ஈரோட்டு கனி மார்க்கெட்டிலும் விற்கும் சரக்குக்குப் பெரும்பாலும் பெயர் கெடும் அளவுக்குப் பெயரே இல்லை. பையர் இல்லை, ஆடிட் இல்லை, கடிதம் எழுத முகவரி இல்லை. ஆனால் எக்ஸ்போர்ட் மந்தமானால் அதே டைலர்தான் அங்கே போய்த் தைக்கிறார். அவருக்கு இருப்பவை தொழிற்சாலை ஆய்வாளர், இ.எஸ்.ஐ., பி.எஃப்., சங்கம், கூலி ஒப்பந்தம். இந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவிடம் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்டேன், பிடிக்கிறார்கள் என்றார். பிடித்தது கட்டப்படுகிறதா என்பதை யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணை வைத்துக் கைபேசியிலேயே பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளலாம். கட்டப்படவில்லை என்றால் பி.எஃப். அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், அதற்குக் கம்பெனியின் அனுமதி தேவையில்லை.